ஆட்டோமேட்டிக் ஷெவெலுக்கு 4 ஸ்பீடு போட்டாச்சு, இப்ப வர்ற தொந்தரவுக்கெல்லாம் எங்க கை வைக்கணும்

1964ல இருந்து 1972 வரைக்கும் வந்த ஷெவ்ரலே ஷெவெல்ல நிறைய வண்டி பவர்கிளைடு இல்லன்னா டர்போ 350 ஆட்டோமேட்டிக்கோட தான் ஃபேக்டரிய விட்டு வெளிய வந்துச்சு. அதைக் கழட்டிட்டு மன்சிங்குற 4 ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ் போடுறது அமெரிக்காவுல ரொம்ப வருஷமா நடக்குற வேலை, பெடல்ல இருந்து ஷிஃப்டர் வரைக்கும் எல்லாமே இன்னிக்கும் புதுசா கிடைக்குது, அதனால கையில ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்ச எவனும் நாலு வீக்கெண்ட்ல போட்டுடலாம்னு இறங்கிடுறான். போடுறது ஒரு வேலைங்க, போட்ட பிறகு வர்ற கரகரப்பையும் ஊளையையும் அதிர்வையும் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது வேற வேலை. இங்க எழுதுறது அந்த ரெண்டாவது வேலைய பத்தி.

ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். கியர் விழலன்னாலும் சத்தம் வந்தாலும் எல்லாரும் நேரா கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சுடுறாங்க. இந்த மாதிரி மாத்தின வண்டில குத்தம் பெரும்பாலும் பாக்ஸுக்கு உள்ள இருக்காது, பெடல்ல ஆரம்பிச்சு கிராங்க் (என்ஜினோட சுத்துற தண்டு) வரைக்கும் இருக்குற சாமான்ல தான் இருக்கும், ஏன்னா அந்த இடத்துல தான் நாலு வண்டியோட பார்ட்ஸை ஒன்னா சேத்திருக்கோம். அதனால கீழ சொல்ற ஒவ்வொன்னுலயும் வெளிய இருந்து உள்ள போற வரிசையில பாருங்க, பாக்ஸை இறக்குறது கடைசி.

கையில இருக்குறது என்ன பாக்ஸ்?

இத தெரிஞ்சுக்காம பார்ட்ஸ் வாங்கினா பாதி பிரச்சனை அங்கயே ஆரம்பிச்சிடும். சைடு கவரைப் பாருங்க. ஏழு போல்ட்டு, கவர்ல ரெண்டே லீவர், ரிவர்ஸ் லீவர் தனியா பின்னாடி டெயில் ஹவுசிங்ல இருந்தா அது மன்சி. ஒன்பது போல்ட்டு இருந்தா போர்க் வார்னர் டி-10. ஏழு போல்ட்டு தான், ஆனா மூணு லீவரும் சைடு கவர்லயே இருக்கு, பாடியும் வார்ப்பிரும்புன்னா அது சாகினா, அத பெரிய பிளாக் என்ஜினுக்குப் பின்னாடி போடாதீங்க, தாங்காது. மன்சின்னு சொல்லி சாகினாவ தள்ளி விடுற ஆளுங்க இருக்காங்க, போல்ட்ட எண்ணிட்டு காசைக் குடுங்க.

மன்சி 1963ல இருந்து 1974 வரைக்கும் வந்துச்சு, இண்டியானா மாநிலத்துல இருக்குற மன்சி ஊர் ஃபேக்டரில செஞ்சதால அந்தப் பேரு. எம்-20, எம்-21, எம்-22ன்னு மூணு வகை. 1966க்கு அப்புறம் வந்த எம்-20ல ஃபர்ஸ்ட் கியர் 2.52, எம்-21லயும் எம்-22லயும் 2.20. நம்பர் பிளேட், ஸ்டாம்ப் எல்லாம் மாத்தி அடிச்சிருக்கலாம், அதனால ஃபர்ஸ்ட் கியர போட்டுட்டு பின் பக்கம் ஷாஃப்ட் சரியா ஒரு சுத்து வர்ற வரைக்கும் இன்புட் ஷாஃப்ட்ட கையால சுத்துங்க. ரெண்டரை சுத்து ஆச்சுன்னா எம்-20. ரெண்டு சுத்து முடிஞ்சு இன்னும் அஞ்சுல ஒரு பங்கு தான்னா மத்த ரெண்டுல ஒன்னு.

அப்புறம் ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்ட் மேல நீளவாக்குல வெட்டின பல்லு. பழசுல இன்புட் ஷாஃப்ட்டுக்கு 10 பல்லு, 1971ல இருந்து 26 பல்லு. பின்னாடி அவுட்புட்டும் 27ல இருந்து 32க்கு மாறிடுச்சு. கிளட்ச் பிளேட் ஷாஃப்ட்ல ஏறவே மாட்டேங்குதுன்னா இதான் காரணம், சுத்தியல எடுக்காதீங்க.

என்ஜின் ஆஃப்ல கியர் லேசா விழுது, ஸ்டார்ட் பண்ணினா விழவே மாட்டேங்குது, ரிவர்ஸ்ல கரகரன்னு அரைக்குது

இது தான் அதிகமா வர்ற புகார், அதனால இதுல கொஞ்சம் நிதானமா போவோம். கிளட்ச் முழுசா விடலன்னு அர்த்தம். மன்சில முன்னாடி போற நாலு கியருக்கும் சிங்க்ரோ (வேகத்த ஒத்துப்போக வச்சு கியர அரைக்காம கோர்க்குற அமைப்பு) உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது. அதனால பெடல அமுக்கின உடனே ரிவர்ஸ் போட்டா நல்ல வண்டியே லேசா அரைக்கும், அது நோய் இல்ல. பெடல அமுக்கிட்டு ஒரு பத்து செகண்டு போல நியூட்ரல்ல காத்திருந்து அப்புறம் ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் அரைச்சா இன்புட் ஷாஃப்ட் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு, அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டிக்கிட்டு இழுக்குது.

உறுதி பண்ணிக்க, வண்டியத் தூக்கி நாலு பக்கமும் ஸ்டாண்டு குடுங்க, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகாதீங்க. என்ஜின் ஆஃப், ஃபர்ஸ்ட் கியர், ஒரு ஆள் உள்ள ஒக்காந்து பெடல தரையோட அமுக்கிப் புடிச்சுக்கட்டும், நீங்க கீழ இருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்ட கையால சுத்துங்க. சுலபமா சுத்துனா கிளட்ச் விடுது. சுத்த மறுத்தா விடல. இப்ப கீழ இருக்குற தகடு கவரக் கழட்டிட்டு பெடல் அமுங்கி இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல ஃபீலர் கேஜ விட்டுப் பாருங்க, 0.040ல இருந்து 0.050 இன்ச் வரைக்கும் இடைவெளி கிடைக்கணும், ஒரே இடத்துல பார்த்துட்டு விட்டுடாம சுத்திச் சுத்தி மூணு நாலு இடத்துல பாருங்க.

இடைவெளி இல்லன்னா கோளாறு பெடல்ல இருந்து ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்க தள்ளுற நெம்புகோல்) வரைக்கும் இருக்குற லிங்கேஜ்ல. இங்க மூணு விஷயம் மாட்டும்.

முதல்ல ரிலீஸ் பேரிங்கோட நீளம், பிரஷர் பிளேட் விரல்கள அமுக்கி கிளட்ச விட வைக்கிற பேரிங் அது. ஷெவிக்கு ரெண்டு சைஸ் இருக்கு, குட்டையானது கிட்டத்தட்ட 1.25 இன்ச், நீளமானது அதைவிட அரை இன்ச் போல அதிகம். பிரஷர் பிளேட்டோட விரல்கள் வெளிப்பக்கமா வளைஞ்சு எழும்பி இருந்தா குட்டை பேரிங், தட்டையா இருந்தா நீள பேரிங். இத மாத்திப் போட்டுட்டு அட்ஜஸ்ட்மெண்ட் ராடை முழு நீளத்துக்கு இழுத்து விட்டாலும் கிளட்ச் விடாது, நாள் முழுக்கத் திருகிட்டே இருக்கலாம். இதுக்கு அடையாளம் ஃபோர்க் நிக்கிற கோணம். பெடல தொடாம விட்டிருக்கும்போது ஃபோர்க்கோட வெளி நுனி ரேடியேட்டர் பக்கமா கொஞ்சம் சாஞ்சு இருக்கணும், பெடல அமுக்கும்போது நேர் கோட்டத் தாண்டிப் பின்னாடி போகணும். ஆரம்பத்துலயே பின்னாடி சாஞ்சு கிடந்தா பேரிங் குட்டை, இல்லன்னா உள்ள இருக்குற பிவட் பால் சரியில்ல. ஃபோர்க் பெல்ஹவுசிங் (என்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல கிளட்ச மூடுற கூடு) ஜன்னலோட ஓரத்துல இடிச்ச தடம் இருந்தாலும் இதே கதை தான், அந்த இடத்துல பெயிண்ட் போய் உலோகம் பளிச்சுனு தெரியும்.

ரெண்டாவது இசட் பார். ஃப்ரேமுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவுல தொங்குற குழாய் இது, ரெண்டு பக்கமும் பால் ஸ்டட்ல ஒக்காரும். மேனுவல் வண்டில ஃபேக்டரியே போட்டு அனுப்புச்சு, ஆட்டோமேட்டிக் வண்டில நாம தான் சேக்குறோம். பிளாக்ல அந்த ஸ்டட்டுக்கு ஓட்டை இருக்கான்னு முதல்ல பாக்கணும், பின்னாடி வந்த சில பிளாக்ல மரை வெட்டாமலே விட்டிருப்பாங்க. புஷ் தேஞ்சு போன பழைய இசட் பார் பெடல் அசைவுல நல்ல பங்க முழுங்கிடும். ஒரு ஆள அமுக்கச் சொல்லிட்டு கீழ இருந்து வேடிக்கை பாருங்க, பெடல் நகந்தும் ஃபோர்க் நகராம நடுவுல எது ஆடுதுன்னு கண்ணுக்கே தெரியும். ஹெடர் (தனித்தனி எக்ஸாஸ்ட் பைப்) போட்ட வண்டின்னா பைப் இசட் பார்ல இடிக்குதான்னும் பாருங்க. என்ஜின் மவுண்ட் கிழிஞ்சிருந்தா ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது என்ஜின் ஒரு பக்கம் தூக்கும், இசட் பாரும் கூடவே போகும், நின்ன இடத்துல நல்லா விழுந்த கியர் ஓடும்போது மக்கர் பண்ணும்.

மூணாவது ஃப்ரீ பிளே. பெடல் மேல ஒரு இன்ச் போல சும்மா அமுங்கணும், அதுக்கப்புறம் தான் பாரம் தெரியணும். அதுக்கு மேல விட்டா கிளட்ச் விடாது, சுத்தமா இல்லன்னா பேரிங் எப்பவும் சுத்திக்கிட்டே இருந்து சீக்கிரம் போயிடும், கிளட்ச் ஸ்லிப்பும் ஆகும்.

இடைவெளி சரியா கிடைக்குது, ஆனாலும் ஷாஃப்ட் இழுக்குதா? அப்ப தான் உள்ள போகணும். கிளட்ச் பிளேட்ட திருப்பிப் போட்டிருக்கலாம், பிளேட் ஸ்ப்ளைன்ல துரு புடிச்சு நகராம இருக்கலாம், இல்லன்னா பைலட் புஷ் ஷாஃப்ட்ட கவ்விக்கிட்டு இருக்கலாம். பைலட் புஷ் பத்தி ரெண்டு வரி: கிராங்க் பின் முனையில இருக்குற ஓட்டைல அடிச்சு ஏத்துற சின்ன வெண்கல புஷ், உள் விட்டம் 0.590 இன்ச். ஆட்டோமேட்டிக் வண்டில அது இருக்காது, புதுசா போடணும். வாங்கும்போது ஒரு காந்தத்த எடுத்துட்டுப் போங்க. காந்தம் ஒட்டுச்சுன்னா அது இரும்புத்தூள் கலந்த புஷ், ஷாஃப்ட் நுனியத் தின்னுடும், திருப்பிக் குடுத்துடுங்க. பெல்ஹவுசிங் நேரா இல்லாத வண்டில நல்ல வெண்கல புஷ்ஷே ஒரு பக்கமா அறுபட்டு, பாக்ஸை இறக்கும்போது இன்புட் ஷாஃப்ட் நுனில மஞ்சத்தூள் மாதிரி படிஞ்சிருக்கும். அத பார்த்தா புஷ்ஷ மட்டும் மாத்திட்டு மூடிடாதீங்க, ரெண்டு தலைப்பு தள்ளி இருக்குறத படிங்க.

கியர்பாக்ஸ் கடைசி அரை இன்ச் உள்ள போக மாட்டேங்குது

போல்ட்ட போட்டு முறுக்கி இழுத்து ஒக்கார வைக்கலாம்னு கை அரிக்கும். வேண்டாம். பாடி அலுமினியம், போல்ட் ஏறுற காது உடைஞ்சிடும், உடைஞ்ச மன்சிங்க நிறைய வெல்டிங்கோட சுத்துது. கிளட்ச் பிளேட் நடுவுல நிக்கலன்னா அலைன்மெண்ட் டூல விட்டு பிரஷர் பிளேட்ட தளர்த்தி சரி பண்ணுங்க. பிளேட் சரியா இருந்தும் போகலன்னா கிராங்க் ஓட்டையப் பாருங்க, ஆட்டோமேட்டிக்குன்னே வந்த சில கிராங்க்ல பைலட் ஓட்டைய முழு ஆழத்துக்கு கடைஞ்சிருக்க மாட்டாங்க, ஷாஃப்ட் நுனி அடியில போய் முட்டும். இன்னொன்னு, பெல்ஹவுசிங்கோட நடு ஓட்டை. மன்சிக்கு 4.686 இன்ச் வேணும். லாரி பெல்ஹவுசிங்ல 5.125 இருக்கும், அதுல பாக்ஸ் சுலபமா போயிடும், அது தான் ஆபத்து, ஏன்னா நடுவுல புடிச்சு நிறுத்த ஒன்னுமில்லாம நாலு போல்ட்டுல தொங்கிக்கிட்டு இருக்கும். நடுவுல ரிங் போடாம ஓட்டாதீங்க.

தேர்ட் இல்லன்னா ஃபோர்த் கியர்ல இருந்து தானா நியூட்ரலுக்கு வந்துடுது, இன்புட் பேரிங் மாத்தி மாத்தி போகுது

முதல்ல செலவில்லாத சோதனை. ஷிஃப்டர் ராடுகள பாக்ஸ் லீவர்ல இருந்து கழட்டிட்டு ஸ்பேனரால லீவர அந்த கியருக்குத் தள்ளிப் பாருங்க. ஷிஃப்டர் கொண்டு போன தூரத்த விட இன்னும் கொஞ்சம் போய் டக்குனு ஒக்காந்தா பாக்ஸ்ல ஒன்னுமில்ல, ராடு அளவு தப்பு, இல்லன்னா ஷிஃப்டர்ல இருக்குற ஸ்டாப் போல்ட் ரொம்ப உள்ள இருக்கு. கியர் பாதி தான் விழுந்திருக்கு, பாரம் வந்ததும் கழண்டுடுது.

அது சரியா இருந்தா பெல்ஹவுசிங் சென்டர். இத நூத்துல பத்து பேர் கூட பாக்குறதில்லன்னு தான் எனக்குத் தோணுது, ஏன்னா டயல் கேஜ் வேணும், பாக்ஸை இறக்கணும், அரை நாள் போகும். ஆனா ஃபேக்டரி அந்த பெல்ஹவுசிங்க வேற பிளாக்குல வேற கிராங்குக்கு மாட்டுச்சு, நீங்க வாங்கினது யாரோ ஒருத்தர் வண்டியோடது, பிளாக்ல இருக்குற ரெண்டு டவல் பின் தான் அத எங்க நிக்கணும்னு சொல்லுது. கொஞ்சம் தள்ளி நின்னாலும் கிராங்க் மையம் ஒரு இடத்துல, கியர்பாக்ஸ் மையம் இன்னொரு இடத்துல, நடுவுல இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுத்துலயும் வளைஞ்சு கொடுக்கும். அதுல தான் பேரிங் போகுது, புஷ் அறுபடுது, கியர் கழண்டு வருது.

செய்முறை இதான். கிளட்ச், ஃபோர்க் எல்லாம் கழட்டியாச்சு, ஃப்ளைவீல் மட்டும் இருக்கு. பெல்ஹவுசிங்க சுத்தமா தொடச்சு மாட்டி எல்லா போல்ட்டையும் முழு டைட் பண்ணுங்க, பெயிண்ட் துளி, பிசிறு ஒன்னு நடுவுல இருந்தாலும் அளவு பொய் சொல்லும். டயல் கேஜோட காந்த அடிய ஃப்ளைவீல்ல ஒட்டி, முள்ள நடு ஓட்டையோட உள் சுவர்ல தொட வையுங்க. ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு கிராங்க கையால மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. அதிகபட்சத்துக்கும் குறைஞ்சபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.005 இன்ச்க்குள்ள இருந்தா மாட்டிட்டுப் போகலாம். அதுக்கு மேலன்னா அந்த ரீடிங்ல பாதி தான் உண்மையான தள்ளல். உதாரணமா 0.016 வந்துச்சு, பாதி 0.008, அப்ப 0.007 தள்ளி வச்சுக் கடைஞ்ச டவல் பின் ஒரு ஜோடி வாங்குங்க. 0.007, 0.014, 0.021ன்னு மூணு அளவுல கிடைக்குது. ரெண்டு பின்னையும் ஒரே பக்கம் பார்த்து, முள்ளு அதிகமா உள்ள அமுங்கின திசைக்கே பெல்ஹவுசிங் நகர்ற மாதிரி திருப்பி அடிச்சு, திரும்ப அளங்க. முதல் தடவையே விழாது, கொஞ்சம் திருப்பித் திருப்பி பாக்கணும். கிழிஞ்ச என்ஜின் மவுண்டும் கியர கழட்டி விடும், அதையும் இந்த சாக்குல பார்த்துடுங்க.

சத்தம் வருது, எது?

கால வச்சே கண்டுபிடிக்கலாம். என்ஜின் ஓடுது, நியூட்ரல், கால் பெடல்ல இல்ல: ஊளை இருக்கு, பெடல அமுக்கினதும் நின்னுடுது. அப்ப பாக்ஸ் உள்ள இன்புட் பேரிங், இல்லன்னா கீழ ஓடுற கிளஸ்டர் கியரோட நீடில்கள். பெடல லேசா தொட்டு ஃப்ரீ பிளேவ எடுத்த உடனே கீச்சுனு ஆரம்பிச்சா ரிலீஸ் பேரிங். பெடல் தரையோட, கியர் போட்டு நிக்கும்போது மட்டும் கத்தினா பைலட் புஷ், ஏன்னா அப்ப தான் கிராங்க் சுத்துது, ஷாஃப்ட் நிக்குது. ஓடும்போது 1, 2, 3ல சத்தம், 4ல போட்டா அமைதின்னா கிளஸ்டர் பக்கம், ஃபோர்த் நேரடி கியர், பாரம் கிளஸ்டர் வழியா போகாது. ஒரே ஒரு கியர்ல மட்டும்னா அந்த கியரோட பல்ல தான் பாக்கணும்.

எம்-22 வச்சிருக்குறவங்க கவனிக்க: அதோட பல்லு சாய்வு கம்மி, பலத்துக்காக அப்படி வெட்டினது, அதனால ஊளை விடுறது அதோட பிறவிக் குணம். அதுக்கு ராக் கிரஷர்னு பட்டப்பேரு வந்ததே அந்த சத்தத்தால தான். பாக்ஸை பிரிச்சுட்டு ஒன்னும் கிடைக்கலன்னு திரும்ப மூடுறவங்க ரொம்ப பேரு.

ஷிஃப்டர் நடுவுல மாட்டிக்குது, ரெண்டு கியருக்கு நடுவுல பூட்டின மாதிரி நிக்குது

ராடு அட்ஜஸ்ட்மெண்ட், வேற ஒன்னும் இல்ல. பாக்ஸ்ல மூணு லீவரையும் நியூட்ரல்ல வையுங்க. ஷிஃப்டர் அடியில இருக்குற ஓட்டைல கால் இன்ச் கம்பிய விட்டா மூணு தகடும் ஒரே நேர்ல வரும், டிரில் பிட்டோட பின் பக்கமே போதும். இப்ப ஒவ்வொரு ராடோட நுனியையும் திருகி, லீவர் ஓட்டைல கொஞ்சம் கூட தள்ளாம, இழுக்காம தானா விழுற அளவுக்கு வையுங்க. ஒரு ராடு அரைச் சுத்து தப்பா இருந்தாலும் 2ல இருந்து 3க்கு வேகமா தட்டும்போது மாட்டும். அப்புறம் முழு பாரத்தோட வண்டி தரையில நிக்கும்போது ராடு சைலன்சர் பைப்ல, கிராஸ்மெம்பர்ல உரசுதான்னு ஒருதடவை பாருங்க.

செல்ஃப் அடிச்சா பல்லு அரைக்குது, இல்லன்னா சும்மா சுத்துது

ஃப்ளைவீல் ரெண்டு சைஸ்: 153 பல்லு சின்னது, 168 பல்லு பெருசு. சின்னதுக்கு செல்ஃப் மோட்டார் போல்ட் ரெண்டும் நேர் வரிசையில, பெருசுக்கு குறுக்கா. பெல்ஹவுசிங்கும் அதுக்கேத்த மாதிரி, சின்ன பெல்லுக்குள்ள 168 போகாது. பிளாக்ல சில சமயம் ரெண்டு ஓட்டையும் இருக்கும், அதனால தப்பான மோட்டாரும் ஏறிடும், ஏறுதுன்னு விட்டுடாதீங்க, பல்ல எண்ணுங்க. சைஸ் சரியா இருந்தும் அரைச்சா மோட்டாருக்கும் பிளாக்குக்கும் நடுவுல ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும்.

அதிர்வு

ரெண்டு வகை, குழப்பிக்காதீங்க. வண்டி நின்ன இடத்துலயே ஆர்பிஎம் ஏத்தினா அதிருது, கிளட்ச அமுக்கினாலும் மாறல: ஃப்ளைவீல் பேலன்ஸ். சின்ன பிளாக் 400க்கும் பெரிய பிளாக் 454க்கும் (நம்பர் என்ஜின் அளவு, கியூபிக் இன்ச்ல) வெளிய எடை வச்ச ஃப்ளைவீல் வேணும், 350க்கு உண்டானத அதுல மாட்டினா நடுங்கும். 1986க்கு அப்புறம் வந்த 350 கிராங்கோட பின் முகமே வேற, அதுக்குத் தனி ஃப்ளைவீல்.

வேகம் ஏற ஏற அதிருது, நியூட்ரல்ல உருள விட்டாலும் இருக்குன்னா புரொப்பெல்லர் ஷாஃப்ட். பவர்கிளைடு, டர்போ 350 இருந்த வண்டில யோக்கும் (பாக்ஸ் பின் ஷாஃப்ட்ல ஏறுற முனை) நீளமும் பெரும்பாலும் 27 பல்லு மன்சிக்கு ஒத்துப்போகும். டர்போ 400 இருந்திருந்தா யோக், நீளம், கிராஸ்மெம்பர் எல்லாம் மாறும். பாக்ஸ் பின்னாடி எவ்வளவு சாய்வோ, ஆக்சில் பினியனும் அதே அளவு எதிர் பக்கம், ஒரு டிகிரிக்குள்ள. மவுண்டுக்கு அடியில கைக்கு கிடைச்ச தகட்ட சொருகி வச்ச வண்டிகள்ல இது தான் போயிருக்கும்.

எல்லாம் சரி, ஆனா வண்டி முன்ன மாதிரி கிளம்பல, ஃபர்ஸ்ட்ல இழுத்துக்கிட்டு நடுங்குது

இத கேட்டா ரொம்ப பேருக்கு மனசு ஆறாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஃபேக்டரி 2.73 மாதிரி கம்மி ரேஷியோ ஆக்சில் குடுத்திருக்கும், அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் 2.73 சுத்து சுத்தும். பவர்கிளைடோட லோ கியர் 1.82 இல்லன்னா 1.76 தான், ஆனா டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும்போது அதை சுமார் 2 மடங்காக்கிக் குடுக்கும். 1.82ஐ 2.73ஆல பெருக்கி அதை ரெண்டு மடங்கு பண்ணினா 10 கிட்ட வருது. நீங்க எம்-21 போட்டீங்க, 2.20 பெருக்கல் 2.73, வெறும் 6. பெருக்கித் தர கன்வெர்ட்டரும் இல்ல. கிளட்ச பாதி புடிச்சுக்கிட்டே கிளம்ப வேண்டியிருக்கும், அதுல ஃப்ளைவீல் நீலமாகி, அப்புறம் நடுக்கம் நிரந்தரமாயிடும். எம்-20க்கு 3.73 ஆக்சில் போட்டா 9.4, எம்-21க்கு 4.11 போட்டா 9.04, ரெண்டும் ஜோரா கிளம்பும். ஹைவேல தினம் ஓட்டுற ஆளுன்னா எம்-20யும் 3.31 ஆக்சிலும் தான் என் ஓட்டு, 4.11ல காது வலிக்கும். கிளட்ச் பிளேட்ல ஆயில் இருந்தாலும் நடுங்கும், அது அடுத்தது.

பெல்ஹவுசிங் அடியில ஆயில் சொட்டுது

மன்சிக்கு முன் பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயில வீசித் திருப்பி அனுப்புற தகடு மட்டும் தான். அதனால அளவுக்கு மேல ஊத்தினா நேரா கிளட்ச் பக்கம் வரும். வண்டி சமமா நிக்கும்போது ஃபில்லர் ஓட்டை மட்டத்துக்கு, ஏறக்குறைய 1.4 லிட்டர், அதோட நிறுத்துங்க. முன் ரிட்டெய்னர் கேஸ்கெட்ட தலைகீழா வச்சு திரும்பி வர்ற வழிய அடைச்சிருந்தாலும் இதே ஒழுகல். ஆயில் ஜிஎல்-4, 80டபிள்யூ-90. கடையில ஜிஎல்-5 தான் இருக்கு, அது இன்னும் உசத்தின்னு சொல்லுவாங்க, அதுல இருக்குற கந்தக சமாச்சாரம் பித்தளை சிங்க்ரோ ரிங்க அரிக்கக்கூடியது, விடுங்க.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுது

மன்சில ஓட்டுற கியர் பெரும்பாலும் 8 பல்லு. அதை ஆக்சில் ரேஷியோவால பெருக்கி, டயர் ஒரு மைலுக்கு எத்தனை சுத்துன்னு அதாலயும் பெருக்கி, 1001ஆல வகுங்க. 26 இன்ச் டயர் ஒரு மைலுக்கு சுமார் 776 சுத்து. 3.31 ஆக்சிலுக்கு கணக்கு 20.5 வருது, அதனால கேபிள் பக்க கியர் 20 இல்லன்னா 21 பல்லு. அதிகமா காட்டினா பல்லு கூட்டணும்.

செல்ஃப் எடுக்கல, சாவி வரல, ஐடில் தடுமாறுது

மூணுமே பழைய ஆட்டோமேட்டிக் விட்டுட்டுப் போன பாக்கி. நியூட்ரல் சேஃப்டி சுவிட்சுக்குப் போன ரெண்டு தடிச்ச ஊதா வயர் அறுந்து தொங்கினா செல்ஃப் எடுக்காது. நிறைய பேர் ரெண்டையும் முறுக்கி டேப் சுத்தி விட்டுடுறாங்க, அப்புறம் கியர்ல நிக்கிற வண்டிய சாவி திருகினா அது பாட்டுக்கு சுவத்துல போய் ஏறும். பெடல்ல ஒரு சுவிட்ச் போட்டு அதுல இணைங்க.

1969ல இருந்து சாவி ஸ்டீயரிங் தண்டுல வந்துடுச்சு, கூடவே பூட்டும். ஆட்டோமேட்டிக் வண்டில பார்க்ல போட்டா தான் சாவி வெளிய வரும், மேனுவல்ல ரிவர்ஸ்ல போடணும், அதுக்கு பாக்ஸ்ல இருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு ஒரு தனி ராடு ஓடும். கிட்ல அந்த ராடு வரலன்னா ஸ்டீயரிங் தண்டுக்கு கீழ இருக்குற லீவர் ஏதோ ஒரு இடத்துல சும்மா நிக்கும், சாவி மாட்டிக்கும். கையால அந்த லீவர பார்க் நிலைக்குத் தள்ளிப் பாருங்க, சாவி வந்துடுச்சுன்னா ராடு தான் குறை, அத தேடி வாங்கி மாட்டிடுங்க, கம்பி வச்சு கட்டிட்டா ஸ்டீயரிங் பூட்டு எந்த நேரத்துல என்ன பண்ணும்னு சொல்ல முடியாது.

ஐடில் தடுமாறினா கார்புரேட்டர திருகாதீங்க முதல்ல. ஆட்டோமேட்டிக்கோட வேக்கம் மாடுலேட்டருக்குப் போன மெல்லிய குழாய் மேனிஃபோல்டுல இருந்து வந்து இப்ப காத்துல திறந்து கிடக்கும், விரலால மூடிப் பாருங்க, ஐடில் சட்டுனு மாறும். ஒரு ரப்பர் மூடி, வேலை முடிஞ்சது.